காரைக்குடி பிட்டுத்துணிக் கடை: கிலோ 220 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கல்லுக்கட்டிப் பக்கம் போய், "பிட்டுத்துணி பாய் கடை எது?" என்று கேட்டால் பூக்கட்டுகிற அம்மாகூடக் கை காட்டிவிடுவார். பாத்திரக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சந்து முடிகிற இடத்தில் ஒரு பழைய கிட்டங்கி. ஒரு காலத்தில் யாரோ செட்டியார் அரிசி மூட்டை அடுக்கிய இடம். இப்போது துணி மூட்டை.

உள்ளே நுழைந்ததும் மலைத்துத் திரும்பிவிட வேண்டாம். முன்பாதி முழுக்க மெக்கானிக்குகளுக்கு. திருப்பூரிலிருந்து வருகிற பனியன் வேஸ்ட்டை ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்க வாங்கிப் போவார்கள். அதில் நமக்கு வேலை இல்லை. பனியன் துணி இழுத்தால் நீளும். சதுரமாக வெட்டி வைத்தால் தைத்து முடிப்பதற்குள் சாய்சதுரம் ஆகிவிடும். (சாய்சதுரம் என்றால் என்ன என்று விளக்க வகுப்பில் நான் பட்ட பாட்டுக்கு, அன்றைக்கு இந்தத் துணி ஒன்று கையில் இருந்திருக்கலாம்.) பின்பாதிதான் நம்முடையது. சட்டைத் துணி, சுடிதார்த் துணி, தலையணை உறைத் துணி, லைனிங், போர்வை ஓரம் என்று தானின் (மில்லிலிருந்து வருகிற முழுத் துணிச் சுருளின்) கடைசியில் மிஞ்சியவையும் வெட்டும்போது கழிந்தவையும் மூன்று குவியலாகக் கிடக்கும். கலப்புத் துணி கிலோ 140. காட்டன் 220. 'பெரிய பீஸ்' என்று தனியாக எடுத்து வைத்திருப்பது 300. இது போன மாத விலை. மூன்று வருஷத்தில் 40 ரூபாய் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் இங்கே வாங்குவது ஒட்டுப்போர்வைக்கு. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து மேல்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்றையும் ஓட்டுத்தையலால் பிடித்துத் தைக்கிற போர்வை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கோட்டையூரில் இருக்கிறேன். மூன்று வருஷத்தில் இந்தக் கடையில் 38 கிலோ வாங்கியிருக்கிறேன். நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதில் 14 பெரிய போர்வை, 60 குழந்தை விரிப்பு முடித்தாயிற்று. மிச்சத் துணி என் மாமியாரின் பர்மாப் பெட்டியில் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைப்பார்.

இத்தனை துணிக்குக் கடைக்கு ஏன் போக வேண்டும், வீட்டில் பழைய புடவை இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அதற்குப் பதில் சொல்லத்தான்.

எங்கள் அப்பத்தா கட்டியது கண்டாங்கி. இன்று புவிசார் குறியீடு வாங்கி (2019-இல் கிடைத்தது) கண்ணாடி அலமாரியில் தொங்குகிற கண்டாங்கி இல்லை. கனமான, மொத்தையான, துவைத்தால் இரண்டு பேர் பிடித்து முறுக்க வேண்டிய பழைய கண்டாங்கி. அரக்குச் சிவப்பு, மஞ்சள், கறுப்புக் கட்டம். பத்து வருஷம் கட்டி மெத்தென்று ஆனதும், நாலாக மடித்து நெடுக ஓட்டுத்தையல் போட்டு விரிப்பாக்கிவிடுவார். எங்கள் வளவில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அதில் படுத்து வளர்ந்தவர்கள்தான். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டோம், பழைய துணிதான் உறுத்தாது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. ஆகவே குடும்பத்துக்கு நான் தைக்கிற போர்வை எல்லாம் பழைய துணிதான். மகனுக்குத் தைத்ததில் அவன் ஐயாவின் சட்டை இருக்கிறது. பேத்திக்குத் தைத்ததில் அப்பத்தா கண்டாங்கியின் கடைசி முழம் இருக்கிறது. டல்லாஸில் அந்தப் பிள்ளை அதைப் போர்த்திக்கொண்டு, "இது யார் புடவை, இது யார் புடவை?" என்று வீடியோவில் ஒவ்வொரு சதுரமாகத் தொட்டுக் கேட்கும். மூன்று வயதில் எங்கள் வம்சாவளி அதற்கு அத்துப்படி.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு தப்பு செய்தேன். நாலு வருஷத்துக்கு முன்பு பழைய புடவைகளிலேயே ஆறு போர்வை தைத்து, பக்கத்து ஊர் முதியோர் இல்லம் ஒன்றுக்கு எடுத்துப் போனேன். மார்கழி மாதம். நல்ல வேலைப்பாடு, ஒரு நூல் பிசகில்லை. ஐந்து பேர் வாங்கிக்கொண்டார்கள். ஆறாவதாக ஒரு அம்மா, எண்பது வயது இருக்கும், போர்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஒட்டுப்போட்ட துணியா ஆச்சி? சின்னப் பிள்ளையில ஒட்டுப்போட்ட பாவாடையோட பள்ளிக்கூடம் போயி அழுதவ நான். போற காலத்துலயும் அதேதானா?"

கோபமாகச் சொல்லவில்லை. காபி வேண்டாம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மருமகளிடம் சொன்னபோது, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைத் துணிகளில் தைத்த போர்வைகள் மியூசியத்தில் தொங்குகின்றன, 2006-இல் தபால்தலைகூட வெளியிட்டார்கள் என்றாள். இருக்கட்டும். அதுவும் இல்லாமையில் தைத்ததுதான், பின்னால் கலை ஆனது. ஆனால் அது அவர்கள் தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் தைத்துக்கொண்டது. நான் செய்தது வேறு. என் பழைய புடவை எனக்கு ஞாபகம். அந்த அம்மாவுக்கு அது யாரோ ஒருத்தி கட்டிக் கழித்தது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்கிற சொல்லைக் கந்தை கட்டியவர் சொல்லலாம். அலமாரி நிறையப் பட்டு வைத்திருக்கிறவள் போய்ச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

அன்றைக்கு முடிவு பண்ணினேன்: பழசு வீட்டுக்கு, புதுசு வெளியாளுக்கு. அதற்கு அப்புறம்தான் புதுத்துணி தேடுகிற படலம்.

ஜவுளிக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிப் பார்த்தேன். பத்து நிறம் வேண்டுமென்றால் பத்து அரை மீட்டர், ஒரு போர்வைக்கு ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. அதோடு, நானே தேர்ந்தெடுத்தால் எல்லாமே என் புடவை அலமாரி மாதிரி அரக்கும் பாசிப்பச்சையுமாக வந்து நின்றது. ஆன்லைனில் ஒரு 'பேட்ச்வொர்க் கிட்' வரவழைத்தேன். பெயர் வேண்டாம். படத்தில் பருத்தி, பெட்டியில் பாலியஸ்டர். நூறு சதுரம் என்று போட்டிருந்தார்கள், எண்ணினால் 92. சதுரம் என்று பெயர்தான், நாலு பக்கமும் நாலு அளவு. திருப்பி அனுப்பவும் வழியில்லை. அப்போதுதான் எங்கள் ஊர்த் தையல்காரர், தலையணை உறை தைக்கிற பெண்கள் இங்கேதான் வாங்குகிறார்கள் என்று இந்தக் கடையைச் சொன்னார்.

இனிக் கடை.

சரக்கு பெரும்பாலும் ஈரோட்டிலிருந்து வருகிறது. அங்கே ஜவுளிச் சந்தை செவ்வாய்க்கிழமை. திங்கள் ராத்திரியே களைகட்டிவிடும். பாய் போய்விட்டு வந்து புதன்கிழமை மூட்டை பிரிப்பார். ஆகையால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விடுங்கள். சனிக்கிழமை போனால் தலையணை உறைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போன மிச்சம்தான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை கடை அடைப்பு, தொழுகை. இது தெரியாமல் ஒருதரம் சந்தில் இரண்டு மணி நேரம் நின்று, ஜெராக்ஸ் கடைப் பையனுக்குப் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தக் கடையில் எனக்கு முதலில் பிடித்தது, நம்மைப் பொறுக்க விடுவதுதான். மூட்டையாகத் தலையில் கட்டுகிற பழக்கம் இல்லை. ஒரு மணைப்பலகை போட்டுக் கொடுப்பார், உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்கமாட்டார். முதல் தடவை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். இப்போது எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வைத்திருக்கிறார். வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால், "அது டீச்சராச்சி சீட்டு" என்று எழுப்பிவிடுகிறார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

எடையும் நேர்மை. ஒருதரம் சந்தேகப்பட்டு, வீட்டுக்கு வந்து பழைய பேப்பர்காரர் தராசில் போட்டுப் பார்த்தேன். 20 கிராம் கூட இருந்தது.

ஒரு கிலோவில் என்ன வரும் என்று கேட்கிறவர்களுக்காகக் கணக்கு. சட்டைக்குப் போடுகிற பாப்ளின் மாதிரித் துணி சதுர மீட்டருக்கு 120 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு எட்டு சதுர மீட்டருக்கு மேல் வரும். ஆனால் இது துண்டுத்துணி. கோணல், ஓட்டை, கத்தரி பாய்ந்தது எல்லாம் கழித்தால் பாதிதான் தேறும். நான் வெட்டுவது நாலரை அங்குலச் சதுரம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போக, தைத்தபின் நாலு அங்குலம் நிற்கும். ஒற்றைக் கட்டில் போர்வைக்குப் பதினைந்துக்கு இருபத்திரண்டு, ஆக 330 சதுரம். 60 அங்குலத்துக்கு 88 அங்குலம் வரும். அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நல்ல துணி, அதாவது ஒரு கிலோ வாங்கினால் ஒரு போர்வையின் மேல்பக்கம். குழந்தை விரிப்புக்கு ஒன்பதுக்கு ஒன்பது, 81 சதுரம், 36 அங்குலம். கிலோவுக்கு நாலு. 220-ஐ நாலால் வகுத்தால் ஒரு விரிப்பின் மேல்பக்கம் 55 ரூபாய்.

இன்னொரு லாபம் கணக்கில் வராது. கிலோவில் வாங்கும்போது, நான் சாகிறவரைக்கும் காசு கொடுத்து வாங்காத நிறமெல்லாம் வந்து சேர்கிறது. ராமர் கலர், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சையில் ஆரஞ்சுப் புள்ளி, யாரோ ஒரு கல்லூரிப் பையன் சட்டைக்கு வெட்டிய அன்னாசிப் படம். மேசையில் தனியாக வைத்தால் கண்ணைக் குத்தும். பக்கத்தில் நாலு சாதுவான துணியைப் போட்டால் அதுதான் போர்வைக்கே உயிர். முன்பு நான் தைத்ததெல்லாம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் இழவு வீட்டு முகப்பு மாதிரி அமைதியாக இருந்தது என்று வீட்டுக்காரர் இப்போது சொல்கிறார். அப்போது சொல்லவில்லை.

குறைகளுக்கு வருகிறேன்.

வெளிச்சம் இல்லை. ஒரு குழல்விளக்கு, அதுவும் பனியன் வேஸ்ட் பக்கம். கறுப்பு என்று எடுத்தது வீட்டில் கருநீலமாக இருக்கும். கைபேசி விளக்கு இல்லாமல் போகாதீர்கள். ரசீது கேட்டால் பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதித் தருவார். வாசற்படி முழங்கால் உயரம், கைப்பிடி கிடையாது. மூட்டு வலிக்காரர்களுக்கு இது ஒன்றே போதும், திரும்பிவிடுவார்கள்.

பெரிய குறை, காட்டன் குவியலில் கலப்புத் துணி புகுந்திருப்பது. பாய் வேண்டுமென்று செய்வதில்லை. ஆட்கள் தொட்டுப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள், இந்தக் காலத்துப் பாலியஸ்டர் கையை ஏமாற்றிவிடுகிறது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் அந்த ஒரு சதுரம் மட்டும் சுருங்கிப் போர்வையே இழுத்துக்கொண்டு நிற்கும். நான் தீப்பெட்டி எடுத்துக்கொண்டு போவேன். ஓரத்தில் இரண்டு இழை உருவிக் கொளுத்தினால், பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகும், பிளாஸ்டிக் நாற்றம் வரும். முதல்தரம் கடைக்குள்ளேயே குச்சியைக் கிழித்துவிட்டேன். பாய் ஓடி வந்தார்.

"ஆச்சி! துணிக் கிட்டங்கிக்குள்ள நெருப்பா? எதுன்னாலும் சந்துல நின்னு பாருங்க, நான் வேணாம்னு சொல்லலை."

அது முதல் சந்தேகப்பட்ட துணியின் இழைகளைக் கையில் இடுக்கிக்கொண்டு சந்துக்கு வந்து கொளுத்திப் பார்க்கிறேன். போகிறவர் வருகிறவர் திருஷ்டி கழிக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கலப்பு என்று தெரிந்தால் மறுபேச்சில்லாமல் குவியல் மாற்றிப் போட்டுவிடுவார். வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்தாலும் எடைக்கு எடை மாற்றித் தருவார், ஒரு வாரத்துக்குள் போனால்.

சாயம் போவது அடுத்தது. அதற்கு அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, பத்து மில் துணி பத்து விதம். என் பன்னிரண்டாவது பெரிய போர்வையில் அவசரப்பட்டு ஒரு அரக்குத் துணியைச் சோதிக்காமல் வைத்தேன். முதல் துவைப்பிலேயே பக்கத்திலிருந்த சந்தன நிறமெல்லாம் வெற்றிலை துப்பிய சுவர் ஆயிற்று. அந்தப் போர்வை இப்போது எங்கள் வீட்டு மாவரைக்கிற மிஷினை மூடிக்கொண்டிருக்கிறது. கல் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், எனக்கு நின்றதில்லை. இப்போது செய்வது இதுதான்: வாங்கி வந்த அன்றே நிறம் பிரித்து, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பது. வெள்ளையில் ஒட்டினால் அந்தத் துணிக்குப் போர்வையில் இடமில்லை. சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். 220 ரூபாயோடு ஒரு நாள் துவைப்பு வேலையையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தைப்பது பற்றி விரிவாகச் சொன்னால் கடை விமர்சனம் தையல் பாடமாகிவிடும். எங்கள் ஆத்தா கல்யாணச் சீரில் வந்த காலால் மிதிக்கிற சிங்கர் மிஷின்தான் என்னுடையது. மேல்பக்கம் சேர்க்க 14-ஆம் நம்பர் ஊசி, மூன்று அடுக்கும் சேர்த்துத் தைக்க 16. நடுவில் பஞ்சு ஷீட் வைப்பதில்லை. இந்த ஊர் வெயிலுக்கு ரஜாய் எதற்கு? வீட்டுப் போர்வைக்கு நடுவில் பழைய எட்டு முழ வேட்டி, வெளியாளுக்குப் புதுக் காடாத் துணி. காடாவும் இதே கடையில் மீட்டராகக் கிடைக்கிறது, அதையும் துவைத்துத்தான் வைக்க வேண்டும். எங்கள் முகப்புத் தரையில் இருக்கிற ஆத்தங்குடிக் கல் கோலத்தை அப்படியே துணியில் எடுக்க ஆசைப்பட்டு ஒரு மாதம் வீணாக்கினேன். எட்டு அங்குலக் கல்லில் வளைவாக ஊற்றிய சாந்தை நேர்த்தையலில் பிடிப்பது என் கைக்கு அடங்கவில்லை, விட்டுவிட்டேன். மிஷினில் தைக்க முடியாத சின்னச் சின்னத் துண்டுகளுக்குக் கர்நாடகத்தின் உத்தர கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி முறை இருக்கிறது. ஓரத்தில் ஆரம்பித்துத் துண்டு துண்டாகக் கையாலேயே தைத்துக்கொண்டு நடுவுக்கு வருவது. நாலு மூலையிலும் மடித்த துணியில் பூ வைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முடிந்த கணக்கு. யூடியூப் பார்த்து ஒன்று செய்திருக்கிறேன். அளவு, சதுரம் எதுவும் வேண்டாம் என்பது கணக்கு டீச்சருக்குப் பெரிய விடுதலை.

குழந்தை விரிப்புகள் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குப் போகின்றன. அங்கே தலைமை நர்ஸ் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பட்டன், ஜரிகை, லேஸ் எதுவும் கூடாது. வெந்நீரில் துவைத்துத் தாங்க வேண்டும். கீழே விரிக்கத்தான், பிள்ளை மேல் போர்த்த இல்லை. அதனால்தான் பஞ்சும் கலப்பும் வேண்டாம் என்று தீப்பெட்டியோடு அலைகிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. பிரசவ வார்டில் பழைய துணியைத்தான் விரும்புவார்கள் என்று நினைத்தேன். அவரவர் வீட்டுப் பழைய துணியைத்தான் விரும்புகிறார்கள். வெளியிலிருந்து வந்தது புதிதாக இருக்க வேண்டும். அப்பத்தா சொன்ன 'பழசுதான் உறுத்தாது' என்பதிலேயே 'நம்ம வீட்டுப் பழசு' என்று இருந்திருக்கிறது. எனக்கு அது புரிய அறுபது வயதாயிற்று.

ஆனால் புதுசு கொடுத்தாலும் சிக்கல் தீரவில்லை. முதல் தொகுதியை அதே முதியோர் இல்லத்துக்கு எடுத்துப் போனேன். அந்த அம்மா போர்வையைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "இதுவும் துவைச்ச துணிதானே ஆச்சி" என்றார். சாயத்துக்கும் சுருக்கத்துக்கும் பயந்து நான்தான் முன்கூட்டியே துவைத்து, மில் மொடமொடப்பை எல்லாம் போக்கி வைத்திருந்தேனே! புதுத்துணியைப் பழசாக்கிக் கொண்டுபோய்ப் புதுசு என்று சத்தியம் செய்கிறேன்.

இரண்டு விஷயம் மாற்றினேன். தைத்து முடித்து அலசியபின் சோறு வடித்த கஞ்சி போட்டு, நீவி உலர்த்தி, இஸ்திரி போட்டுத்தான் கொடுப்பது. எட்டு முழ வேட்டிக்குப் போடுகிற அதே பக்குவம், கொஞ்சம் நீர்க்க. ஆஸ்பத்திரி விரிப்புக்குக் கஞ்சி இல்லை, அது பிள்ளைக்கு உறுத்தும். இரண்டாவது, தானின் கரையோரத்தில் மில் பெயர் அச்சடித்திருக்குமே, அந்தப் பட்டி. நான் இத்தனை நாள் வெட்டிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அதை ஒரு விரல் நீளம் எடுத்துப் போர்வையின் அடிப்பக்கம் ஒரு மூலையில், எழுத்து வெளியே தெரிகிற மாதிரித் தைத்துவிடுகிறேன். தானிலிருந்து நேராக வந்த துணி என்பதற்கு அத்தாட்சி. அடுத்த மார்கழியில் அந்த அம்மா மூலையைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நூறு சதவீதம் காட்டன்னு போட்டிருக்கு" என்று பக்கத்துக் கட்டிலுக்கும் படித்துக் காட்டினார். அன்னாசிப் படம் போட்டதை எடுத்துக்கொண்டார்.

யாருக்கு இந்தக் கடை ஒத்துவரும்? பொறுமையும் முழங்காலும் இருக்கிறவர்களுக்கு. ஒரே போர்வை தைத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம். உங்கள் தெருத் தையல்காரரிடம் ஒரு மாதத்து வெட்டுத்துணியைக் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார். ஒரே நிறத்தில் நிறையத் துணி வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது. இன்றைக்கு இருக்கிற நீலம் அடுத்த வியாழன் இருக்காது. வெள்ளை கிடைப்பதே அபூர்வம். கண்டாங்கி என்று சொல்லி எடுத்துக் காட்டுகிற கட்டம் போட்ட துணி விசைத்தறித் துணி, அதற்குத் தகுந்த விலைதான், ஆனால் அது கண்டாங்கி இல்லை. அதை நான் இரண்டு தரம் சொல்லியும் பாய் கேட்பதாக இல்லை. "கண்டாங்கி மாதிரி" என்று சொல்லுங்கள் என்றேன், "மாதிரி"யை மெதுவாகச் சொல்கிறார்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் ஐந்துக்கு நாலு. அந்த ஒன்றை வெளிச்சத்துக்கும் வாசற்படிக்கும் பாதிப் பாதியாகக் கழித்துவிட்டேன்.

போன வாரம் போனபோது ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே முழுக்கக் கரையோரப் பட்டிகள், மில் பெயர் அச்சடித்தவை, சுருட்டிச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு.

"பேர் அடிச்ச ஓரமா தனியாப் பிரிச்சு வெச்சேன் ஆச்சி. இதுக்கு எடை போடலை."

கோட்டையூரிலிருந்து போகும்போது டவுன் பஸ், பெண்களுக்குக் காசில்லை. திரும்பும்போது ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது, ஆட்டோதான். இரண்டு கட்டைப்பை எடுத்துக்கொண்டு போங்கள், கடையில் கவர் தருவதில்லை.